இறங்க நான்கு வாய், ஏற எட்டு வாய்

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிப்பது. ஊரில் நில அளவை அலுவலகத்தில் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவள் நான். வேலை கேட்டுப் போன அன்று அதையும் சொல்லிப் பார்த்தேன். சூப்பர்வைசர் "வெரி குட்" என்று சொல்லிவிட்டு என் தலைக்கு ஒரு தொப்பி எடுத்துத் தந்தார். எண்பதுகளின் கடைசி அது. இல்ஃபோர்டிலிருந்து ரயிலில் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்து, அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த சலவைத் தொழிற்சாலை.

சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்பு வெளியே வரும். அதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்க வேண்டும். உயரம் ஒத்தவர்களைத்தான் சோடியாக விடுவார்கள். குள்ளமான எனக்கு ஏற்ற குள்ளமாக அங்கே இருந்தவள் ஒரே ஒருத்தி, பெரு நாட்டுக்காரி. என்னைவிட நான்கைந்து வயது இளையவள். இரண்டு பின்னல்களையும் தொப்பிக்குள் சுருட்டி வைத்திருப்பாள். கன்னங்கள் பனியில் காய்ந்து சிவந்து, அந்தச் சிவப்பு லண்டனுக்கு வந்தும் போகாமலே இருந்தது. மற்றச் சோடிகள் வாரத்துக்கு ஒரு தடவையாவது சண்டை பிடிக்கும். நாங்கள் பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கும் அளவுக்கு இருவருக்கும் ஆங்கிலம் போதாது என்பதும் ஒரு காரணம்.

அவளுடைய மொழி ஸ்பானியம் என்றுதான் முதலில் நினைத்தேன். இஸ்திரிப் பகுதியில் கொலம்பியாப் பெண்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பேசினால் இவள் ஓரிரு சொல்லில் பதில் சொல்லி முடித்துவிடுவாள். இவள் பேசும் ஸ்பானியத்தைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது புதிதில்லை. கொழும்பில் என் சிங்களத்துக்குக் கிடைத்ததும் இதே சிரிப்புத்தான். அவளுடைய சொந்த மொழி கெச்சுவா. பெண்ணுக்குப் பெண் சகோதரி என்றால் அவர்கள் மொழியில் 'ஞாஞா'. அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நான் தங்கச்சி என்றேன். மற்றதெல்லாம் உடைந்த ஆங்கிலம். அந்த உடைசலை இங்கே அப்படியே எழுத முடியாது. அதனால் அவள் பேச்சையும் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன்.

விரிப்புக்கு விரிப்பு அவள் தன் இடத்தைப் பற்றிச் சொல்வாள். மலைநாட்டில் சின்னஞ்சிறிய மாவட்டம். ஆற்றோரம் தேவாலயமும் சந்தையுமாக ஒரு சிறு பட்டணம். அங்கிருந்து மேலே மேலே குடியிருப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவளுடையது. அதற்கு மேல் உருளைக்கிழங்குத் தோட்டம், அதற்கு மேல் லாமாக்கள் மேயும் புல், அதற்கும் மேல் பனி. மாவட்டம் முழுவதும் கெச்சுவாதான். பொலிஸ்காரனும் வாத்தியாரும் எப்போதாவது வரும் பாதிரியாரும்தான் ஸ்பானியம் பேசுபவர்கள். கிழங்கை இரவுப் பனியில் விறைக்க விட்டு, காலையில் காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, காயவைத்து வருடக்கணக்கில் வைத்திருப்பார்களாம். எங்கள் ஒடியலை, காயவைத்த பனங்கிழங்கை, ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, தங்கள் கிழங்குக்கு இது ஏதோ சொந்தம்தான் என்று தலையாட்டினாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு எரிச்சலாக இருந்தது. தூரத்தை அவள் மைலிலும் சொல்ல மாட்டாள், கிலோமீட்டரிலும் சொல்ல மாட்டாள். கொக்கா இலையில் சொல்வாள். அந்த மலைகளில் நடப்பவர்கள் ஒரு வாய் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நடப்பார்கள். சாரம் இறங்கி முடிந்ததும் நின்று, துப்பிவிட்டு, அடுத்த வாய் போடுவார்கள். ஒரு வாய் தாங்கும் நேரத்தில் எவ்வளவு நடக்கலாமோ அது ஒரு வாய்த் தூரம். வெற்றிலை போடும் ஊரில் பிறந்த எனக்கு அது விளங்காமல் இல்லை. ஆனாலும் பதினொரு வருடம் அங்குலத்தை நூறாகப் பிரித்து அளந்தவளுக்கு அதெல்லாம் ஓர் அளவாகப் படவில்லை.

அவளுடைய அகதி விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. ஊரை விட்டு ஓடி வந்த வருடம் அவளுடைய கணவன்தான் குடியிருப்பின் தலைவன். அங்கே தலைமைப் பொறுப்பு வருடத்துக்கு ஒருவராக முறை வைத்து வரும். பொறுப்பை விட்டுவிடு என்று கிளர்ச்சிக்காரர்கள் மிரட்டினார்கள். ஏன் இன்னும் விடவில்லை, யாருடைய ஆள் நீ என்று ராணுவம் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல்நாளே பட்டணத்துக்குப் போயிருந்த அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வர, இவள் கீழே இறங்கிப் போனாள். கணவனை ராணுவ லொறியில் ஏற்றுவதைக் கண்ணால் கண்டாள். மறுபடி மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது, ராணுவத்தினர் இவளையும் தேடி வந்து போயிருந்தார்கள். ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு அன்றே ஊரை விட்டு வெளிக்கிட்டவள், தலைநகரில் தமக்கையிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக லண்டன் வந்து சேர்ந்தாள். இங்கே இருக்க அனுமதி கிடைத்தால் மகளைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். அவள் விடிந்து எழும்புவதும் வேலைக்கு வருவதும் அந்த ஒரு பதிலுக்காகத்தான்.

அவளுடைய லோயரிடம் இருந்த எந்த வரைபடத்திலும் அந்த மாவட்டம் இல்லை. "ஒரு படம் கீறித் தர ஆள் இருந்தால் நல்லது" என்று அவர் சொன்னாராம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்து இதைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மூன்று வருடமாகப் பென்சில் பிடிக்காத கை.

அன்றே ட்ரேசிங் தாளும் மைப் பேனாவும் வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் இருத்தி, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, தேவாலய வாசல் எந்தத் திசை பார்த்தது என்று கேட்டுக் கேட்டு வரைந்தேன். பட்டணத்துக்கும் குடியிருப்புக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இறங்க நாலு வாய். ஏற எட்டு வாய்."

"பாதை ஒண்டுதானே?"

"ஓம், ஒண்டுதான்."

"ஒரு பாதைக்கு ரெண்டு நீளம் இருக்குமே தங்கச்சி?"

அவள் என்னைப் பார்த்தாள். "இறங்க நாலு. ஏற எட்டு" என்று திரும்பவும் சொன்னாள்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பாவம், படிக்காதவள், குழம்புகிறாள் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது, ஆனாலும் நினைத்தது அதுதான். நாலும் எட்டும் பன்னிரண்டு, அதில் பாதி ஆறு. ஒரு வாய் முக்கால் மணி நேரம் என்று அவளிடம் கேட்டு வைத்திருந்தேன். ஆறு வாய்க்கு நாலரை மணி நேரம். மணிக்கு மூன்று மைல் நடந்தால் பதின்மூன்றரை மைல். பிறந்ததிலிருந்து உள்ளங்கை போன்ற தரையில் நடந்தவளின் கணக்கு இது. எங்கள் பகுதிப் படங்களில் சமவுயரக்கோடு போட வேண்டிய தேவையே வராது. போடுவதற்கு அங்கே உயரம் என்று ஒன்று இருந்தால்தானே.

கொக்கா என்ற சொல்லையும் நானாகவே விட்டுவிட்டேன். அதிகாரிகள் அதைக் கண்டால் போதைமருந்து என்று பிடித்துக்கொள்வார்கள் என்று பயம். பாதையின் ஓரத்தில் அழகான எழுத்தில் "பதின்மூன்றரை மைல், நாலரை மணி நேர நடை" என்று ஆங்கிலத்தில் எழுதி, திசைக்குறி போட்டு, அளவுத்திட்டமும் போட்டேன். என்ன எழுதினேன் என்று அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. லோயர் படத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது, தொழில் தெரிந்த ஆளாக இருக்கிறதே என்று கேட்டாராம். நான் இரண்டு நாள் நிலத்தில் கால் படாமல் திரிந்தேன்.

அதற்குப் பிறகு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. கடித உறையைத் திறக்காமலே சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. காரணத்தை வாசிக்க வாசிக்க என் குரல் கீழே போனது.

பூசை மணி அடிக்கும்போது, அதாவது ஒன்பது மணிக்கு, தான் பட்டணத்தில் நின்றதாக விண்ணப்பதாரர் சொல்கிறார். எதிர் மலையில் வெயில் பட்ட பிறகுதான் வீட்டிலிருந்து புறப்பட்டதாகவும் சொல்கிறார். அவர் கொடுத்த படத்தின்படி அது நாலரை மணி நேரப் பாதை. அப்படியானால் இருட்டிலே அல்லவா புறப்பட்டிருக்க வேண்டும்? லொறி போன கையோடு, பதினொரு மணிக்குத் திரும்பியதாகச் சொல்கிறார். படத்தின்படி மூன்றரைக்கே வீடு சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகுதான், ஐந்து மணிபோல வந்ததாகச் சொல்கிறார். இடையில் ஒன்றரை மணி நேரம் எங்கே நின்றார், யாரைச் சந்தித்தார் என்பதை மறைக்கிறார். ஆகவே இவர் சொல்வது எதையும் நம்புவதற்கில்லை. கடிதத்தின் சாரம் இதுதான்.

"நீர் ஏன் படத்திலை இருக்கிற மாதிரிச் சொல்லேல்லை?" என்று அவளிடமே கோபப்பட்டேன். குற்றம் செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும்போலிருக்கிறது.

"படத்திலை என்ன இருக்கு?"

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு லொறிகள் வந்து நிற்கும் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சாய்வுப் பாதை உண்டு. ஈர விரிப்பு நிரம்பிய தள்ளுவண்டியை அதில் ஏற்ற எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்கும். இறக்கும்போது அது ஓடிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்யும் வேலை. அவள் அந்தச் சாய்வைக் கையால் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு நாள் கழித்து இருவருமாக லோயரைப் போய்ப் பார்த்தோம். அன்று பின்னேரம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேல்முறையீட்டில் நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும் என்று லோயர் கேட்டிருந்ததையும் சொன்னேன். அவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்டுக்குப் போகச் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தார்.

"உமக்கு என்ன விசரே? எங்கடை கேஸே இன்னும் இழுபடுது. பிழையா எழுதிக் குடுத்தனான் எண்டு நீரே போய் அவங்களுக்கு முன்னாலை சொல்லப் போறீரோ?"

"நான்தானே எழுதினனான்."

"வேறை ஆரும் கீறினது எண்டு லோயர் சொல்லட்டும். உம்மடை பேர் உதுக்குள்ளை வரக்கூடாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்களுக்கும் ஒரு வருடம், பிறகு இன்னொரு வருடம் என்று தவணை முறையில்தான் இருக்க விட்டிருந்தார்கள். மூன்று நாள் நான் லோயருக்குப் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் அவள் என் எதிரில் நின்று, எப்போதும் போல விரிப்பின் மறுமுனையைப் பிடித்து மடித்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நான்காம் நாள் தேநீர் இடைவேளையில் போன் பெட்டிக்குப் போய், வருகிறேன் என்று லோயரிடம் சொன்னேன். கணவர் ஒரு கிழமை என்னுடன் பேசவில்லை. பேசாமல் விட்டாலும், விசாரணை அன்று போட்டுக்கொண்டு போக என் கோட்டைத் துடைத்து வைத்தது அவர்தான்.

விசாரணைக்கு முன்னால் புதிய படம் ஒன்று வரைந்தோம். இந்தத் தடவை நான் கேள்வி கேட்கவில்லை. அழுக்கு விரிப்புகள் பிரிக்கும் மேசையில் அவள் இரண்டு விரிப்பைக் குவித்து, அழுத்தி, இழுத்து, தன் மலைகளைச் செய்து காட்டினாள். மடிப்பின் அடியில் ஆறு. இங்கே பட்டணம், இங்கே ஒரு பாலம், இந்த இடத்தில் எல்லோரும் நின்று இலை மாற்றுவார்கள், இதற்கு மேல் மூச்சு வாங்கும். அவள் விரல் போன இடமெல்லாம் என் பென்சில் போனது. என் வாழ்நாளில் முதன்முதலாகச் சமவுயரக்கோடு போட்டேன். பாதையில் மைல் எழுதவில்லை. கீழ்நோக்கிய அம்புக்குறிக்குப் பக்கத்தில் நான்கு, மேல்நோக்கியதற்குப் பக்கத்தில் எட்டு. ஒரு வாய் என்றால் என்ன என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. கொக்கா என்ற சொல்லையும் எழுதினேன். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

விசாரணை ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வயதானவர், அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர். அவள் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னாள்: இறங்க நான்கு, ஏற எட்டு. அவர் எழுதிக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

விண்ணப்பதாரர் சொன்னதை மாற்றி எழுதியது ஏன் என்று எதிர்த்தரப்பு அதிகாரி கேட்டார். கொக்கா என்றால் நீங்கள் போதைமருந்து என்று நினைப்பீர்கள் என்று பயந்தேன் என்றேன். தூரத்தை ஏன் மாற்றினீர்கள் என்றார். பிழை என்று நினைத்துத் திருத்தினேன், பிழை என்னுடையது என்றேன். நீங்கள் படவரைஞர்தானே, மலை ஏற நேரம் கூடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்றார். அறையில் யாரோ இருமினார்கள். எங்கள் இடத்தில் மலை இல்லை ஐயா, கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றுமே இல்லை என்றேன். மலைநாட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடப் பயணமாக, அதுவும் ரயிலில் இருந்தபடி. வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பில் எங்கள் பக்கம் ஏதோ இளகியதை உணர்ந்தேன்.

ஆறு கிழமையில் முடிவு வந்தது. அவளுக்கு இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. சாப்பாட்டு அறையில் நான் முதல் வரியை வாசித்ததும் அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். மகளின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன். கொலம்பியாப் பெண்கள்கூட வந்து அவளைக் கட்டிப் பிடித்தார்கள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தது. நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன்.

முடிவு வந்த அன்று, சாப்பாட்டு அறையிலிருந்து எல்லோரும் கலைந்து போன பிறகு, கடிதம் முழுவதையும் வாசியும் ஞாஞா என்றாள். வாசித்தேன். இடையில் என்னைப் பற்றி ஒரு பகுதி வந்தது. அதைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்தி வாசித்தேன் என்று நினைக்கிறேன். சாட்சி தன் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார், தனக்குப் பாதகமாகக்கூட இருக்கக்கூடிய ஒன்றை வந்து சொன்னார், அவர் உண்மை பேசுபவர், ஆகவே விண்ணப்பதாரர் சொன்ன நேரக் கணக்கையும் ஏற்கிறேன் என்று அந்த வயதானவர் எழுதியிருந்தார். அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதை இன்னொருக்கால் வாசியும்."

வாசித்தேன்.

"அப்ப அவர் நம்பினது உம்மை" என்றாள். "நானும் அதைத்தானே சொன்னனான். லோயருக்குச் சொன்னனான். நேர்காணலிலை சொன்னனான். அவருக்கு முன்னாலையும் சொன்னனான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து உறைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீர் என்னை எப்ப நம்பினனீர், ஞாஞா?"

பொய் சொல்லியிருக்கலாம். முதல் ஞாயிற்றுக்கிழமையே நம்பினேன், பயத்தில்தான் மாற்றினேன் என்று சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள்.

"அவை நம்பேல்லை எண்டு கடிதம் வந்த பிறகுதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அது தனக்கு எப்போதோ தெரியும் என்பது போல இருந்தது.